மாத்திரை போடாதவர்

ஏசுபாதம் மாத்திரையை விட்டு மூன்று மாதம் ஆகிறது என்பது சதுரங்கப்பட்டினம் முழுக்கத் தெரியும். தெரியாமல் இருக்க அவர் விட்டால்தானே! டீக்கடையில், சலூனில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பு தேடுகிற இடத்தில், யார் அகப்பட்டாலும் சட்டைப்பையிலிருந்து லேப் ரிப்போர்ட்டை எடுத்து விரித்துவிடுவார்.

"ஏப்ரல்ல சர்க்கரை இருநூத்தி எண்பது. இப்ப பாரு, நூத்திப் பத்து. ஒரு மாத்திரை கெடையாது அண்ணாத்த, ஒண்ணு கூட!"

பக்கத்தில் நிற்கும் அவர் மனைவி ரெபேக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். பார்க்கிறவர்களுக்கு இருமல் மாதிரி தெரியும். அது சிரிப்பு. ஏனென்றால் இந்த வீரர் நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். காலையில் கேழ்வரகுக் கூழில் ஒன்று, ராத்திரி பாகற்காய்க் குழம்பில் ஒன்று.

ரெபேக்காள் அங்கன்வாடியில் இருபத்திரண்டு வருஷமாகச் சமைக்கிறவள். குழந்தைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கிற நாளில் அங்கே நடக்கிற கூத்தைப் பார்க்க வேண்டும். ஒன்று வாயை இறுக்கி மூடும், ஒன்று துப்பும், ஒன்று டீச்சர் புடவையிலேயே வாந்தி எடுக்கும். ரெபேக்காள் அதட்டமாட்டாள். இரண்டு கரண்டிக்கு நடுவில் மாத்திரையை வைத்து நசுக்கி, வெல்லப்பாகில் குழைத்து, "பாயாசம் யாருக்கு?" என்பாள். அழுததெல்லாம் முண்டியடித்துக்கொண்டு வரும். மனுஷ ஜென்மத்துக்கு எடுத்துச் சொல்லிப் புரியவைப்பதைவிட ஏமாற்றி விழுங்கவைப்பது சுலபம் என்று அவள் கண்டுகொண்டது அங்கேதான். அறுபது வயதுக் குழந்தைக்கு மட்டும் அது பொருந்தாதா என்ன?

ஏசுபாதம் முட்டாள் இல்லை. முப்பத்து மூன்று வருஷம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். அப்பன் கூலிக்கு ஏர் பிடித்த நிலத்தின் மேலேயே கம்பம் நட்டு, கம்பி இழுத்து, மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் அவர்தான். ஆனால் அவருடைய அண்ணன் பதினைந்து வருஷம் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டு, கடைசியில் கிட்னி போய், வாரத்துக்கு இரண்டு முறை ரத்தம் சுத்திகரித்து, காய்ந்து செத்தார். மாத்திரை தின்றான், கிட்னி போச்சு என்பது தம்பியின் முடிவு. அண்ணன் மாத்திரையை வாரத்தில் மூன்று நாள் மறந்ததையும், சாராயத்தை ஒரு நாளும் மறக்காததையும் அவர் வசதியாக விட்டுவிட்டார்.

போதாததற்கு ஏசுபாதத்துக்கு மாத்திரை எழுதித்தந்த கிளினிக் டாக்டர் வேறு. போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "டபுள் பண்ணிருக்கேன், போ" என்றார். ஏன் சார் டபுள் என்று ஏசுபாதம் கேட்டதற்கு, "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்றார். இந்த ஒரு பதிலுக்காகவே அந்த ஆளை விளக்குமாற்றால் மொத்தலாம் என்பதில் ரெபேக்காளுக்கும் சந்தேகம் கிடையாது.

"கம்பியில கரண்ட் ஓடுதா ஓடலையான்னு கேக்காம கைய வெச்சா கருகிப் பூடுவோம்மே. இத்த மட்டும் கேக்கக்கூடாதாம்!" என்று வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தார். நியாயமான புலம்பல்தான். ஆனால் அந்த நியாயத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் நின்ற இடம் இருக்கிறதே, அதுதான் அநியாயம்.

முட்டுக்காட்டில் வாடகைத் தென்னந்தோப்பு ஒன்றில் செங்கல்வராயன் என்று ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் முகாம் நடத்தினார். ஏழு வருஷத்துக்கு முன்பு திருப்போரூர்ப் பக்கம் மனை விற்றவர். வெயில் காலத்தில் மட்டும் தெரிகிற மனைகள். மழை வந்தால் அது ஏரி. வாங்கியவர்கள் சட்டையைப் பிடிக்க ஆரம்பித்ததும் ஆள் கொஞ்ச நாள் காணாமல் போய், தாடியோடும் காவியோடும் செந்தமிழோடும் திரும்பி வந்தார். அன்றைக்கு "ஃபைனல் ரேட் சொல்லு நைனா" என்று பேசிய அதே வாய் இன்றைக்கு, "அன்பர்களே, உங்கள் உடம்பே உங்கள் மருத்துவர். மாத்திரை என்பது கம்பெனிக்காரன் வைத்த கண்ணி" என்றது. உடம்பே மருத்துவர் என்றால் டப்பா டப்பாவாக அவர் விற்கிற இந்தச் சூரணம் எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கிறவன் கேனயனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியத்தான் செய்யும்.

முதல் முகாமிலேயே ஏசுபாதம் விழுந்துவிட்டார். செங்கல்வராயன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் கேள்வி கேட்டாராம், பதிலைக் காது கொடுத்துக் கேட்டாராம். வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டைகளைக் குப்பையில் போட்டார் ஏசுபாதம். ரெபேக்காள் சண்டை போட்டாள், அழுதாள், பாஸ்டரிடம் சொன்னாள். எதற்கும் மசியவில்லை. ஏசுபாதத்தின் அண்ணி தாலியைக் கழற்றிய நாள் அவள் கண்ணிலேயே நின்றது. பயத்தில் அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் குப்பையிலிருந்து அட்டையைப் பொறுக்கி எடுத்து, இரண்டு கரண்டியைக் கழுவினாள்.

சர்க்கரை நூற்றுப்பத்துக்கு வந்ததும் பயம் போய் அவளுக்கு இளக்காரம் வந்துவிட்டது. செங்கல்வராயன் ஏசுபாதத்தை நிற்கவைத்து வீடியோ எடுத்துப் போட்டார். 'மாத்திரை போடாதவர்' என்று அதற்குத் தலைப்பு. ரெபேக்காள் அதை அடுப்படியில் உட்கார்ந்து நாலு தரம் பார்த்துச் சிரித்தாள். நான் உழுகிறேன், அறுக்கிறவன் அந்த ஏரி விற்றவனா? போகட்டும். புருஷன் உயிரோடு இருக்கிறான், அது போதும்.

இனி எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று குரு வாக்கு கொடுத்துவிட்டார். ஒரு கல்யாணத்தில் ஏசுபாதம் நாலு ஜாங்கிரியைத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டார். ரெபேக்காள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து கூழில் ஒன்றுக்கு இரண்டாக நசுக்கிப் போட்டாள். அதே வாரம் செங்கல்வராயனும் சூரணத்தை ஒரு கரண்டியிலிருந்து இரண்டாக்கினார். ஏசுபாதத்துக்கு வேர்த்துக்கொட்டியது, கை நடுங்கியது, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார். கழிவு வெளியேறுகிறது என்றார் குரு. ஜாங்கிரி வேலையைக் காட்டுகிறது என்று நினைத்தாள் ரெபேக்காள். அவளாவது யோசித்திருக்க வேண்டும். தன் கெட்டிக்காரத்தனத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு முகாமில் ஏசுபாதம் மேடையேறிப் பேச வேண்டும். வேடிக்கை பார்க்க ரெபேக்காளும் கூடவே போனாள். காலை ஆறு மணிக்குக் கூழ் குடித்ததுதான். தோப்புக்குப் போனதும், பேசுகிறவர் பட்டினி கிடந்தால்தான் வாக்கில் சத்தியம் நிற்கும் என்றார் செங்கல்வராயன். நடு மத்தியானம் வரைக்கும் பச்சைத் தண்ணீரும் இரண்டு கரண்டிச் சூரணமும்தான். ஒரு மணிக்கு மேடையேறி மைக்கைப் பிடித்த ஏசுபாதம், "மூணு மாசமா..." என்று ஆரம்பித்தார். அடுத்த வார்த்தைக்கு வாய் குழறியது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. அடியோடு சாய்ந்தார்.

"யாரும் தொடாதீர்கள்!" என்று கையை உயர்த்தினார் செங்கல்வராயன். "கழிவு வெளியேறுகிறது. இது குணமாகும் அடையாளம்." கூட்டம், நம்பமாட்டீர்கள், கை தட்டியது.

"கழிவு நீதான்டா, எட்டிப் போடா!" என்று அவரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள் ரெபேக்காள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் வேர்த்து மயங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கன்வாடிக்கு வரும் நர்ஸ் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. அந்தத் தோப்பில் சீனி ஒரு துளி கிடையாது. ரோட்டோர டீக்கடைக்கு ஓடி ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து, அவரைப் பக்கவாட்டில் புரட்டி, கன்னத்தின் உட்பக்கம் தேய்த்தாள். ஆம்புலன்ஸுக்கு யாரோ போன் போட்டார்கள். செங்கல்வராயன் அதற்குள் காரில் ஏறியாகிவிட்டது.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் சர்க்கரை முப்பத்து நான்கு என்று காட்டியது. டிரிப்ஸ் ஏறியது. நாலு மணிக்கு ஏசுபாதம் கண் விழித்தார்.

டியூட்டி டாக்டர் ஃபர்சானா சூரண டப்பாவைக் கையில் உருட்டிப் பார்த்தாள். "மாத்திரை ஏதாவது குடுத்தீங்களாம்மா?"

"அவரு மாத்திரையே போடறதில்லியே" என்றாள் ரெபேக்காள். ஊரே அறிந்த வாக்கியம், தானாக நாக்கில் வந்தது.

ஐந்து மணிக்கு மறுபடியும் சர்க்கரை இறங்கியது. ஃபர்சானா திரும்பி வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "அம்மா, போன மாசம் ரெண்டு பேர் இதே டப்பாவோட வந்தாங்க. சோதனைக்கு அனுப்பினோம். இதுல சர்க்கரை மாத்திரையைத்தான் அரைச்சுக் கலந்திருக்கான். ஆனா அது மட்டும்னா இவ்வளவு கீழ போகக்கூடாது. வேற எதாவது உள்ள போயிருந்தா சொல்லுங்க. தெரியாம டிரிப்ஸை நிறுத்திட்டேன்னா தூக்கத்துலயே போயிடுவார்."

ரெபேக்காள் டப்பாவைப் பார்த்தாள். அப்படியானால் அந்த ஏரி விற்றவனும் இரண்டு கரண்டிக்கு நடுவில் நசுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். பழியை அப்படியே அவன் தலையில் போட்டுவிட்டு வீடு போய்ச் சேரலாம், சாட்சி கிடையாது. ஆனால் மனுஷன் போய்விடுவான். கட்டிலில் ஏசுபாதம் கண்ணைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் குடுத்தேன்" என்றாள். "கூழுல ஒண்ணு, ராத்திரி கொழம்புல ஒண்ணு. மூணு மாசமா. இப்ப ரெண்டு வாரமா காலையில ரெண்டு."

மாத்திரையின் பெயரையும் அளவையும் கேட்டு எழுதிக்கொண்டாள் ஃபர்சானா. திட்டவில்லை. "சொன்னீங்களே, நல்லது. ரெண்டு நாள் இங்கயே இருக்கணும்" என்று நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே போனாள்.

ஏசுபாதம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ரெபேக்காளே ஆரம்பித்தாள். "பாத்தியாய்யா அந்தத் திருட்டுப் பையனை? மாத்திரை வெஷம்னு சொல்லிகினே மாத்திரைய அரைச்சுக் குடுத்துகீறான்! உன் வீடியோவக் கூட அதுக்குள்ள அழிச்சுட்டான்."

"அவன் சொல்லாம குடுத்தான்" என்றார் ஏசுபாதம். குரலில் கோபமே இல்லை. "நீயும் சொல்லாம குடுத்த. அந்த டாக்டரு இன்னாத்துக்குன்னு சொல்லாம டபுள் பண்ணான். மூணு பேருக்கும் நான் இன்னாமே, உன் பால்வாடிப் புள்ளையா?"

"சொன்னேனேய்யா! நீ கேக்கல. உங்க அண்ணன் மாதிரி பூடுவியோன்னு பயந்தேன்."

"கேக்கலன்னா ஏய்ச்சுடலாமா? ஊரெல்லாம் நான் சொல்லிகினு திரிஞ்சப்ப பக்கத்துல நின்னு சிரிச்ச இல்ல? இருமல்னு நெனச்சேன்."

அவமானத்தில் முகம் எரிந்தது. உயிரைக் காப்பாற்றியவளும் தான்தான், சாகடிக்கப் பார்த்தவளும் தான்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் சர்க்கரை நிலைக்கு வந்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். ரெபேக்காள் கேன்டீனில் நாலு இட்லி வாங்கிவந்து, பொட்டலத்தைப் பிரித்து, சட்னியை ஊற்றிக் கட்டிலில் வைத்தாள். ஏசுபாதம் எழுந்து உட்கார்ந்தார். பசியில் அவர் கை போனது. பாதியில் நின்றது. பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"நீ துன்னு."

சமாதானமாகிவிட்டார் என்று நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது. "எனக்கு அப்பறம் ஆவட்டும்யா. மொதல்ல நீ சாப்புடு, நாஸ்தா லேட்டாவக் கூடாதாம்."

அவர் கையை எடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் சொன்னார். "துன்னுமே."

முப்பத்தொரு வருஷமாக அவருக்குச் சோறு போட்ட கை அது. அந்தக் கையால் இட்லியைப் பிட்டு, சட்னியில் தோய்த்து, ரெபேக்காள் வாயில் போட்டு மென்றாள். அது அவள் தொண்டையில் இறங்குகிற வரைக்கும் பார்த்திருந்துவிட்டு, ஏசுபாதம் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.