புதைக்காமல் வைத்துக்கொண்ட நூல்

அம்மா செத்துக் கிடந்த அன்று எனக்கு அழுகையைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது. எல்லாம் எங்கள் சபைத் தலைவர் பலராமனால். தொண்ணூற்றொன்றாம் வருடம் ஆடி மாதம். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் வழியாக வந்த பஸ்ஸையெல்லாம் போலீஸ் நிறுத்திச் சோதித்ததால் சொந்தக்காரர்கள் வந்து சேர நேரமானது. அதுவரை அந்த மனிதர் துக்க வீட்டில் உட்கார்ந்து வழக்குக் கதை பேசினார்.

"ஆரணி, வாலாஜாபாத், ஒரு வூடு பாக்கியில்லாம தேடிட்டோம் அம்சவல்லி. முதல் அச்சு கெடச்சாத்தான் கேஸு நிக்கும்னு வக்கீலு கண்டிசனா சொல்ட்டாரு."

எங்களுடையது தெளிவுச் சபை. ஆதிமூலச் சாமி ஜய வருடத்தில், அதாவது ஏறக்குறைய நூறு வருடம் முன்பு, எழுதி அச்சிட்ட தெளிவுநூல்தான் எங்களுக்கு எல்லாம். வல்லக்கோட்டை ரோட்டில் எங்கள் கூடம் இருக்கிறது. கம்பெனிகள் வரத் தொடங்கி மண்ணுக்கு மவுசு ஏறியதும், அந்த இடத்தை பிளாட் போடுகிறவனுக்கு விற்க மதராஸிலிருக்கும் தலைமை மடம் கிளம்பிவிட்டது. அதைத் தடுக்கத்தான் வழக்கு. எங்களிடம் இருப்பவை மடம் பிற்பாடு போட்ட பதிப்புகள். சாமி முதலில் என்ன எழுதினார் என்று காட்ட ஒரு பிரதிகூட இல்லை. எப்படி இருக்கும்? எங்களில் செத்தவரை உட்கார்ந்த நிலையில் புதைத்து, அவரவர் நூலை மடியில் வைத்துவிடுவோம். நூல் இல்லாமல் போனவர் வழி தெரியாமல் நிற்பார் என்பது நம்பிக்கை. முதல் அச்செல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது. உயிரோடு இருக்கிறவரின் நூலை வீட்டார்கூடப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது இன்னொரு கட்டுப்பாடு.

சாயங்காலம் அம்மாவைக் குழியில் இறக்கினார்கள். நூலின் கடைசிப் பக்கத்தைப் பெற்ற பிள்ளை படித்துவிட்டு மடியில் வைக்க வேண்டும். அம்மாவின் நூலை அன்றுதான் முதன்முதலில் பிரித்தேன். பக்கங்கள் வறட்டி நிறத்தில் இருந்தன.

"கூடி உட்காருங்கள். அறிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லுங்கள்" என்று தொடங்கினேன். எல்லாரும் மனப்பாடமாகக் கூடவே சொன்னார்கள். "தெளிவு உண்டாகட்டும்" என்று அவர்கள் முடித்தபோது நான் மட்டும் படித்துக்கொண்டிருந்தேன்.

"கூடம் நிற்கும் மண் அதில் உட்காருபவர்களுடையது. அதை விற்க ஒருவருக்கும், எனக்கும்கூட, உரிமை இல்லை."

பலராமன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பக்கத்தின் அடியில் ஜய வருடம் என்று அச்சாகியிருந்தது. அம்மாவின் அப்பா பர்மாவுக்குப் போய்த் திரும்பவே இல்லை. புதைக்க உடல் இல்லாததால் அவருடைய நூல் அம்மாவிடம் தங்கி, அதுவே அவளுடைய நூலாகிவிட்டது. இது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்து என்ன, ஒருநாளும் யோசித்ததில்லை.

கூடத்தில் எல்லாரும் முடித்த பிறகும் அம்மா மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். பலராமன் எல்லார் எதிரிலும் அதட்டி அவளைப் பின்வரிசைக்கு அனுப்பினார். எட்டு வருடம் அம்மா வாயை மட்டும் அசைத்தாள். அவள் சொன்னது என்ன என்று ஒருவரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

"வெச்சிடாத அம்சவல்லி! ஊரு சொத்தும்மா அது" என்று கையெடுத்துக் கும்பிட்டார் பலராமன்.

குழிக்குள் நின்ற அண்ணன் கன்னியப்பன் நிமிர்ந்து பார்த்தான். "அம்மாவ மொட்டையா அனுப்பச் சொல்றியா? வழி தெரியாம நிக்கட்டும்ன்றியா?"

அம்மாவின் மடி காலியாக இருந்தது. தாடையைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பலராமன் தன் நூலை எடுத்து நீட்டினார். அந்த வரிகளை எடுத்துவிட்டு மடம் போட்ட, அம்மாவின் வாயை அடைத்த பதிப்பு அது.

"உங்குளுது வாணாம்" என்றேன்.

அம்மாவின் நூலை மார்போடு பிடித்துக்கொண்டு மண்ணைத் தள்ளச் சொன்னேன். அண்ணன் என்னைத் திட்டிக்கொண்டே மேலே ஏறி மண்வெட்டியை எடுத்தான். முதல் கூடை மண் அம்மாவின் மடியில்தான் விழுந்தது. பெற்றவளுக்கு இப்படியும் செய்வாளா ஒருத்தி என்று எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

பலராமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு வருசமா அலையுறோம். வூட்டுக்குள்ளயே வெச்சிக்கினு இந்தம்மா ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?"

"சொன்னாங்க."

"யாராண்ட?"

"என்னாண்ட. போன தை மாசம். நான் ஷிப்டுக்குக் கெளம்பிக்கினு இருந்தேன். கூடத்தப் பத்தி என் நூல்ல ஒண்ணு கீதுடின்னாங்க. மறுபடியும் ஆரம்பிக்காத, உன்னால எனக்கு வெளிய தல காட்ட முடியல, வாய மூடிக்கினு கெடன்னு சொன்னேன்."

அண்ணன் மண் தள்ளுவதை நிறுத்திவிட்டான்.