வெயில் குடித்த நீலம்

"தம்பி, இது என் கல் இல்லை."

தையற்கார அக்கா இரண்டு தோடுகளையும் கல் பதிப்பவரின் மேஜைமேல் வைத்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்தது கருநீலம். கல் ஆடுகிறதென்று போன மாதம் பழுதுபார்க்கக் கொடுத்ததோ, நீர்த்த தேன்போல வெளிறியிருந்தது.

கல் பதிப்பவர் வெளிறிய தோட்டைக் கையில் எடுத்தார். இருபது வருடமாக அந்தத் தெரு அவரிடம் ரசீது கேட்டதில்லை.

"உங்க கல்தான்க்கா. கழட்டிக் கழுவி ஜன்னல்ல காய வெச்சேன். அன்னிக்கே காய்ச்சல்ல விழுந்துட்டேன். பத்து நாள் வெயில்லயே கிடந்திருக்கு. சில நீலக் கல் வெளிச்சம் பட்டா வெளுத்துடும்னு கேள்விப்பட்டிருக்கேன். சோதிக்காதது என் தப்பு."

"தோடு கேட்டு வந்தா காதுல பூ சுத்துறியே!"

உள்ளிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள்: "கல்லை மாத்துற சாமர்த்தியம் இருந்தா இந்த ஓட்டை நாற்காலியை முதல்ல மாத்தியிருப்பாரு!"

அக்காவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

"நீங்க இதை வெயில்ல போட்டதே இல்லையாக்கா?" என்று அவர் கேட்டார்.

"காதுல போட்டதே இல்லை, பெட்டியிலயேதான் கிடந்துச்சு" என்றாள் அவள். கல்யாணமான புதிதில் கணவர் வாங்கித் தந்தது. தொலைந்துவிடும் என்று பயந்து பெட்டியிலேயே பூட்டிவைத்தாள். "ஒருநாளாவது போட்டுக் காட்டேன்" என்று கண் மூடும்வரை கேட்டார் அந்த மனிதர்.

"சரி, நீ சொல்றது நிஜம்னு எப்படித் தெரியறது?"

"இன்னொண்ணையும் வெயில்ல வெச்சா தெரிஞ்சிடும். ஆனா வேண்டாம்க்கா, அதுவும் போயிடும். அந்த ஒரு நீலமாவது உங்களுக்கு இருக்கட்டும். என்னைத் திருடன்னே நினைச்சுக்கோங்க."

அக்கா அங்கிருந்த கண்ணாடியில் பார்த்து, ஒரு காதில் நீலத்தையும் மறு காதில் வெளிறியதையும் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். "ஒரு காதுக்கு வயசாயிடுச்சு" என்று அவளும் சொல்லிச் சிரித்தாள். தினமும் வாசலில் வெயில் பார்த்து உட்கார்ந்தே துணி தைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து வந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினாள். இரண்டும் ஒரே தேன் நிறம்.

கல் பதிப்பவர் கண்ணைத் துடைத்தார். "நான்தான் வேண்டாம்னேனேக்கா?"

"அதனாலதான்டா போட்டேன். திருடன்னு பேர் வந்தாலும் என் கல் பிழைக்கட்டும்னு நெனச்சவன் பொய் சொல்வானா?"

கடவுள் மனசாட்சியை எங்கெல்லாமோ வைக்கிறார். அன்று ஒரு ஜோடித் தோட்டில் வைத்திருந்தார்.

"பெட்டியை என்ன பண்ணீங்க?" என்றாள் அவர் மனைவி.

"தையல் ஊசியெல்லாம் போட்டு வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அக்கா தோடு மினுங்க வெயிலில் நடந்தாள்.