ஒருவேளைச் சாப்பாடு, ஒரு மாத்திரை

என் தங்கை ஜெயமணியின் வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே போனபோது, மலேசியாவில் லூபோக் சீனா பக்கம் எங்கள் எஸ்டேட் லயத்தில் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். கல்யாணமாகாதவளைப் பார்த்து, "எத்தன மாசம்லா?" என்று சிரித்தார்கள். நாசமாய்ப் போனவர்கள். அவளுக்கு முகம் உப்பி, பிடரியில் திமில் மாதிரி சதை. கையும் காலும் குச்சி. வயிற்றில் ஊதாக் கோடுகள். முப்பத்து நான்கு வயதிலேயே சர்க்கரை, ரத்த அழுத்தம். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருடம் ஆனது. 1995 பிப்ரவரியில் ஒரு பக்கத்துச் சுரப்பியை அறுத்து எடுத்தார்கள்.

டாக்டர் சொன்னதைத் தமிழ் நர்ஸ் விளக்கினாள். "இன்னொரு பக்கத்து சுரப்பி தூங்குது அக்கா. அது முழிக்கிற வரைக்கும் இந்த மாத்திரதான் உயிரு. ஒரு நாள்கூட விடாதீங்க."

அதற்குப் பிறகு உடம்பு வற்றத் தொடங்கியது. நான்கு மாதத்தில் பதினான்கு கிலோ குறைந்தாள். வயிற்றுத் தோல் தொங்கியது, மூட்டெல்லாம் வலித்தது, சர்க்கரை இறங்கியது. அவளுடைய ரவிக்கைகளை நான்தான் பிடித்துத் தைத்தேன். ஒருநாள் கண்ணாடியில் தன் பழைய முகத்தைப் பார்த்து அழுதாள். நானும் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

பிழைத்தால் பூக்குழி இறங்குவதாக அவள் மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள். ஜூலையில் காப்புக் கட்டினாள். பத்து நாள் விரதம், பொழுது சாய்ந்த பிறகு ஒருவேளைச் சாப்பாடு.

"அக்கா, மாத்திர மூனு வேளையாச்சே?"

பொட்டலத்தை வாங்கிப் பார்த்தேன். 'செலெபாஸ் மாக்கான்' என்று மலாயில் எழுதியிருந்தது. எனக்கு மலாய் வாசிக்கத் தெரியும் என்ற திமிர் வேறு.

"சாப்பாட்டுக்குப் பெறகுனு போட்டிருக்குலா. வெறும் வயித்துல போட்டா கொடலு புண்ணாயிரும். நீ சாப்புடுறதே ஒரு வேள, ஒன்னு போட்டா போதும். ஒரு நாளும் விட்டுராத."

ஒரு நாளும் விடவில்லை.

எட்டாம் நாள் வாந்தி எடுத்தாள். விரத உடம்பு, வெயில் தாங்கவில்லை என்றேன். பத்தாம் நாள் மஞ்சள் சேலை கட்டி, குழிக்கு முன்னால் வரிசையில் நின்றாள். உடுக்கைச் சத்தம் ஏறிய நேரம், அவள் கண் செருகி, உடம்பு நடுங்கிக் கீழே சாய்ந்தாள்.

"ஆத்தா வந்துட்டா!" என்று பூசாரி கத்தினார். குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினோம். உடம்பு சில்லிட்டிருந்தது. அதையும் அருள் என்றுதான் நினைத்தோம்.

அவள் உதடு அசைந்தது. சாமி வாக்குச் சொல்லப் போகிறது என்று கூட்டம் அடங்கியது. முந்திக்கொண்டு அவள் காலில் விழுந்தவள் நான்தான்.

"தாயே, எம் மவனுக்கு பேக்டரி வேல கெடைக்குமா?"

"அக்கா... முடியலக்கா."

சாமி எங்காவது என்னை அக்கா என்று கூப்பிடுமா? பாவி, எனக்கு அது உறைக்கவில்லை. கையைக் கூப்பி இரண்டாம் தடவையும் கேட்டேன். பதில் சொல்ல அவள் உயிரோடு இல்லை.