நீலம் வராத திரை

பழைய கம்ப்யூட்டர்களின் வியாதிகளைப் பார்ப்பவள் என்பதால் தெருவில் அவளுக்குப் பெட்டி டாக்டர் என்று பெயர். மற்ற டாக்டர்களைப் போலவே அவளும் நோயாளியோடு வருகிறவர் சொல்வதைப் பாதிதான் காதில் வாங்குவாள். வாய் பொய் சொல்லும், திரை சொல்லாது என்பது அவள் கட்சி.

அன்று பகலில் வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒன்றாகவே இருக்கிற அந்தக் காலத்துப் பெட்டியையும், ஒரு குண்டு டிவியையும் மூச்சு வாங்கச் சுமந்து வந்து மேசைமேல் வைத்துப் போட்டுக் காட்டினார். கதவோரம் ஒரு பையன் நிற்கிற படம். சட்டை சிவப்பு.

“என் தம்பி சின்ன வயசுல வரைஞ்சதும்மா. இந்தச் சட்டை ஒரு தடவை சிவப்பா வரும், ஒரு தடவை நீலமா வரும். சிவப்பு நான், நீலம் அவன். ஜன்னலோரம் யார் படுக்கறது, கடைக்கு யார் போறது, எல்லாத்துக்கும் இதைத்தான் போட்டுப் பாப்போம்.”

“மந்திரம் ஒண்ணும் இல்ல சார்.” இது அவளுக்குப் பிடித்த பாடம். “படத்துல கலரே கிடையாது. வெறும் கறுப்பு வெள்ளைக் கோடு. ரொம்ப நெருக்கமா இருக்கறதால டிவி ஏமாந்துபோய்க் கலர் காட்டுது. பெட்டி முழிச்சுக்கறப்ப எந்தப் பக்கம் சாயுதோ அந்தக் கலர். பூவா தலையா மாதிரிதான்.”

“அவன் போன படகு திரும்பலம்மா. தினம் காலைல இதைப் போட்டுப் பாக்கறேன். நீலம் வந்தா, எங்கேயோ இருக்கான்னு மனசத் தேத்திக்குவேன். போன வாரம் தேடறத நிறுத்திட்டாங்க. அன்னைலேர்ந்து சிவப்பு மட்டும்தான் வருது. அவன் பக்கம் வரவே மாட்டேங்குது.”

அணைத்துப் போட்டாள். சிவப்பு. மறுபடி போட்டாள். சிவப்பு. விரல் வலித்ததுதான் மிச்சம். எப்போதும் தலையே விழுகிறதென்றால் கோளாறு நாணயத்தில்தான் என்று மூடியைக் கழற்றினாள். சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் மறுபடி பற்றவைத்தாள், உதிரிகளை மாற்றினாள், தன்னுடைய டிவியில் மாட்டிப் பார்த்தாள். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. கண் வரையாத முகத்தோடு அந்தப் பையன் சிவப்பாகவே நின்றான்.

அவர் ஸ்டூலில், கைகளை முழங்காலிடுக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

இந்தத் தொழிலில் ஒரு குறுக்குவழி உண்டு. பொடிக் கம்பி ஒன்றை உள்ளே பற்றவைத்துவிட்டால், பெட்டி எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும். கேட்டவர்களுக்கெல்லாம் வைத்துக் கொடுத்திருக்கிறாள். சொல்லிவிட்டுத்தான் வைப்பாள். இன்று சொல்லாமல் வைத்தாள்.

நீலம் வந்தது.

“இருக்கான்ம்மா,” என்று அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவளுக்கு உறுத்தாமல் இல்லை. ஒரு மனுஷர் நிம்மதியாகத் தூங்கட்டுமே என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள்.

சில நாள் கழித்து அதே பெட்டி வந்தது. சுமந்து வந்தது வேறு ஆள். அதே மூக்கு. வெயிலில் தோலுரிந்த முகம், உதடெல்லாம் வெடிப்பு.

“மூடியில உங்க கடைச் சீட்டு ஒட்டியிருந்துச்சு மேடம். இது எங்கண்ணனோடது. எங்க படகு கவுந்து, பலகையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு திட்டுல ஒதுங்கிக் கிடந்தேன். ஒரு கப்பல் பாத்து ஏத்திக்கிச்சு.”

“என்னைக்கு?”

“செவ்வாக்கிழமை, பகல்ல.”

அவள் கம்பி வைத்த பகல்.

“வீட்டுக்கு வந்தா கதவு திறந்து கிடக்கு. அண்ணன் செருப்பு வாசல்ல இருக்கு, சட்டை ஆணியில தொங்குது. ஆளக் காணோம். இது மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு. நானும் போட்டுப் போட்டுப் பாக்கறேன். நீலம் மட்டும்தான் வருது. அண்ணன் பக்கம் வரவே மாட்டேங்குது.”

மூடியைக் கழற்றினாள். அவள் வைத்த கம்பி பளபளவென்று அப்படியே இருந்தது. கட்டரை எடுத்து அதன் வாய்க்குள் கம்பியைக் கொடுத்தாள். வெட்டினால் சிவப்பு வரும். சிவப்பு மட்டும்தான் வரும்.

எதிரே அதே ஸ்டூலில், கைகளை முழங்காலிடுக்கில் வைத்துக்கொண்டு, தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படியாவது அண்ணன வரவைங்க மேடம்,” என்றார்.