வாசிக்கப்படாத மூன்றாம் அதிகாரம்

1

இது கதையாகத் தொடங்கியதல்ல. என் மாமனாரின் பணி ஓய்வுக்கு இறையியல் கல்லூரி ஒரு பாராட்டு மலர் போடுகிறது. அதில் ‘வாழ்வும் பணியும்’ என்ற கட்டுரையை நான் எழுத வேண்டும் என்று துணை முதல்வர் தொலைபேசியில் கேட்டார்.

“குடும்பத்துல எழுத்து வேலை பாக்கிறது நீங்க ஒருத்தர்தானே, தம்பி.”

நான் பார்ப்பது தண்ணீர் இறைக்கும் பம்புகளுக்குக் கையேடு எழுதும் வேலை. ‘மின் இணைப்பைத் துண்டித்த பிறகே மூடியைத் திறக்கவும்.’ அதைச் சொன்னேன்.

“அது போதும். படிப்பு, ஊழியம், ஆராய்ச்சி, நூல்கள். கடைசியில குடும்பம். ஒரு வரி.”

“ஒரு வரியா?”

“எல்லா மலர்லயும் அப்படித்தான். தேவன் இவருக்கு இத்தனை பிள்ளைகளைத் தந்தார்னு முடிச்சிடுவோம்.”

தந்தது ஒன்று. ஒரே மகள். என் மனைவி. போன மழைக்காலத்தில் செத்துப்போனாள்.

[‘மறைந்தாள்’, ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்’ என்று இரண்டு வரைவுகளில் எழுதி அடித்துவிட்டேன். கையேட்டில் பழுதான பாகத்தைப் பழுதான பாகம் என்றுதான் எழுதுவோம்.]

அந்தக் கட்டுரையை விழாவில், கல்லூரிச் சிற்றாலயத்தில், நானே வாசிக்க வேண்டுமாம். மாமா முன்வரிசையில் இருப்பார். அவளை அந்த ஒரு வரிக்குள் அடக்குவதா, அல்லது அவளுக்கு அவர் செய்ததைச் சொல்லி எனக்கு மிச்சமிருக்கிற ஒரே உறவையும் அறுத்துக்கொள்வதா? இதுதான் சிக்கல். இனி வருவதெல்லாம் இந்தச் சிக்கலைச் சுற்றி நான் போட்ட வட்டங்கள்.

2

தொடக்கம் அ: ‘ஆலய மணி அடிப்பவரின் மகனாகப் பிறந்து, எபிரெய மொழியில் கரை கண்ட’

நிறுத்திவிட்டேன். மாமா கேட்டால், “எபிரெயத்துக்கு ஏது மாப்பிள்ளை கரை? நான் கால் நனைச்சதோட சரி” என்பார். தன்னடக்கத்திலும் அவர் முனைவர்.

தொடக்கம் ஆ: ‘விவிலிய ஆய்வு புதிய திசைகளில் பயணித்த அக்காலத்தில்’

எந்தத் திசை என்று எனக்குத் தெரியாது.

தொடக்கம் இ: ‘மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் மூணாம் அதிகாரம்.’

இதற்கு மட்டும் மூச்சு இருக்கிறது. விளக்குகிறேன். வேதாகமத்தில் ஒரு நல்லவனின் கதை வருகிறது. மந்தை, பிள்ளைகள், உடல்நலம் எல்லாம் போய்ச் சாம்பலில் உட்கார்ந்துவிடுகிறான். எங்கள் வீட்டில் அவன் பெயர் சாம்பல்காரர். முதல் அதிகாரத்தில் அவர் பணிவானவர். கொடுத்தவர் எடுத்துக்கொண்டார், அவருக்கே புகழ் என்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் வாயைத் திறந்து, தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அடக்க ஆராதனையில் பிரசங்கம் செய்கிற எல்லோரும் முதல் அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்தாதே என்பதுதான் மாமாவின் வாழ்க்கை. கடல் கடந்து போய் முனைவர் பட்டம் வாங்கியது அந்த ஒரே அதிகாரத்துக்கு. தலையணை பருமனில் எழுதிய விளக்கவுரையில் பாதி அந்த அதிகாரம். மொழிபெயர்ப்புக் குழுவில் அந்தச் சாபத்தைக் கொஞ்சம் மென்மையாக்கலாம் என்றார்கள். “சாம்பல்ல உக்காந்தவனுக்கு மெத்தை போடுறீங்களா?” என்று கேட்டுவிட்டு வெளியே வந்தவர் திரும்பிப் போகவில்லை.

பிரசங்கப் பயிற்சி வகுப்பில் அவர் கேட்பது ஒரே கேள்வி.

“மூணுக்குப் போனியா?”

“இல்லைங்கய்யா.”

“அப்ப நீ அடக்கம் பண்ணல. மூடி வச்சிருக்க. உக்காரு, ஃபெயில்.”

விடுதிக் காப்பியில் சர்க்கரை இல்லாவிட்டால், “ஒண்ணாம் அதிகாரத்தோட நிறுத்திட்டாங்கடா” என்பார்களாம் மாணவர்கள்.

(3. இங்கே மூன்றாம் பகுதி வர வேண்டும். இல்லை. அச்சுப்பிழை அல்ல.)

4

இனி ஒரு பெண் வருகிறாள். எனக்கு அவள்மேல் நம்பிக்கை இல்லை.

மாமா இளம் போதகராக இருந்த முதல் சபை, சுரங்கத் தொழிலாளர்களுடையது. ஒருநாள் சுரங்கம் சரிந்தது. வரிசையாகப் பெட்டிகள். மாமா முதல் அதிகாரத்தைப் பிரசங்கித்தார். பாதியில் முன்வரிசையிலிருந்து ஓர் இளம் விதவை எழுந்து வெளியே நடந்தாள். வாசலில் திரும்பிச் சொன்னாள்: “எடுத்தவரைப் பத்தி நல்லதாவே சொல்றீங்களே ஐயா. அவர் இன்னும் உங்க வீட்டுப் பக்கம் வரலையே.”

“அந்த வாக்கியம்தான் என் முனைவர் பட்டம். மத்ததெல்லாம் அடிக்குறிப்பு” என்பார் மாமா. இதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்வார். நானே பலமுறை கேட்டிருக்கிறேன். அவருடைய மகள் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள்.

“அப்பா பிரசங்கத்துல அந்த அம்மாவுக்கு வயசு ஏறி ஏறி இறங்கும்” என்பாள். “ஒரு வருஷம் இடுப்புல குழந்தை. அடுத்த வருஷம் கையில ஊன்றுகோல்.”

“பொய்னு சொல்றியா?”

“சேச்சே. உதாரணம்.”

எழுதுகிறவனாக எனக்கும் இவளை வெட்டிவிடத்தான் தோன்றுகிறது. சரியான நேரத்தில் எழுகிறாள், சரியான வாசலில் திரும்புகிறாள், சரியான வாக்கியத்தைச் சொல்கிறாள். சாவு வீட்டில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் இவளை வெட்டினால் மாமாவுக்குப் பட்டமில்லை, புத்தகமில்லை, பட்டப்பெயரில்லை. கட்டுரையும் இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

5

என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். ரத்தத்தில் நோய். மற்ற மருத்துவ விவரங்கள் வேண்டாம், கதைக்கு அவை உதவவில்லை. அவளுக்கும் உதவவில்லை.

மருத்துவமனை அறை. மாமா கால்மாட்டில் நிற்கிறார். அத்தை, அவளுடைய அம்மா, நாற்காலியில். நான் ஜன்னலோரம்.

“அப்பா, என் அடக்கத்துக்கு நீங்கதானே?”

“அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?”

“நீங்கதான். வேற யாரையாவது விட்டா நாலு பாட்டைப் பாடி ஒப்பேத்திடுவாங்க. எனக்கு மூணாம் அதிகாரம் வேணும். முழுசா.”

மாமா ஏற்கெனவே சரியாக இருந்த போர்வையைச் சரிசெய்தார்.

“ஒண்ணோட நிறுத்தினீங்கன்னா எழுந்து வந்து ஃபெயில் போட்டுருவேன்.”

“வாயை மூடுடி” என்றார் அத்தை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன அவருக்கு.

மாமா, “சரிம்மா” என்றார். தெளிவாகச் சொன்னார். நான் கேட்டேன்.

அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னாள்: “நான் விளையாட்டுக்குக் கேக்கல. எனக்கு ரொம்பக் கோவமா இருக்கு. யாராவது அதை எனக்காகச் சத்தமாச் சொல்லணும்.”

“நான் சொல்லவா?”

“நீ பம்புக்கே மெதுவாத்தான் சொல்லுவ.”

6

அவளுடைய அடக்க ஆராதனை. ஆலயம் நிரம்பியிருந்தது. முன்னால் தனி நாற்காலியில் பேராயர். பின்பக்கம் முழுக்க மாமாவின் மாணவர்கள், பழையவர்களும் புதியவர்களும். மாமா மேடையில் ஏறிப் புத்தகத்தைத் திறந்தபோது பின்னால் அத்தனை பேரும் திறந்தார்கள். மெல்லிய தாள்களின் சரசரப்பு. எந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

மாமா முதல் அதிகாரத்தை வாசித்தார். நல்ல பிரசங்கம், குறை சொல்ல முடியாது. கொடுத்தவர், எடுத்தவர், புகழ் என்ற இடத்துக்கு வந்தார். அங்கே நின்று என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் பெட்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு திருகாணி சரியாக முறுக்கப்படாமல் தலை தூக்கியிருந்தது.

மாமா புத்தகத்தை மூடினார். “ஆமென்” என்றார்.

பின்னால் புத்தகங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. கடைத்தெருவில் கதவு சாத்துகிற சத்தம் அப்படித்தான் இருக்கும். யாரோ ஒரு மாணவன் கிசுகிசுத்தான்: “மூணுக்குப் போகலடா.” அவள் எழுந்து வரவில்லை.

[ஏன் என்பதற்கு நான் எழுதிப் பார்த்த காரணங்கள். அ: பேராயர் எதிரில் இருந்தார், அவர் நிரப்ப வேண்டிய கல்லூரி முதல்வர் நாற்காலி காலியாக இருந்தது. இது உண்மை. ஓய்வுக்கு முந்திய கடைசிக் காலத்தில் அந்த நாற்காலி மாமாவுக்குக் கிடைக்கவும் செய்தது. ஆ: தொண்டை அடைத்துவிட்டது. அடைக்கவில்லை, ஆமென் கணீரென்று கேட்டது. இ: ஊருக்குத்தான் உபதேசம். எனக்குப் பிடித்தது இ. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை மாதம் அவர் வீட்டுக்கு ஞாயிறுதோறும் போய், பேசாமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.]

7

அடக்க ஆராதனையையும் சேர்த்து ஒரு வரைவு அனுப்பினேன். துணை முதல்வர் உடனே கூப்பிட்டார்.

“தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா அந்த அடக்கம் பத்தின பகுதி வேண்டாமே. இது பாராட்டு மலர்.”

“நடந்ததுதானே ஐயா.”

“நடந்ததெல்லாம் நியாயத்தீர்ப்பு நாள்ல வாசிப்பாங்க. நம்ம மலர்ல எதுக்கு?” குரலைக் குழைத்தார். “உங்களுக்கும் சின்ன வயசு. இதையே பிடிச்சிட்டு இருக்காதீங்க. அவனுக்குக் கடைசியில எல்லாம் ரெட்டிப்பாக் கிடைச்சுதே, மறந்துட்டீங்களா?”

கிடைத்தது. சாம்பல்காரர் கதையின் முடிவில் மாடுகள் இரண்டு மடங்காகத் திரும்பி வருகின்றன.

“எனக்கு மாடு வேண்டாங்கய்யா” என்றேன்.

சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது என்று தெரிந்ததும் இருமினார்.

8

மாமாவின் வீட்டுக்குப் போனேன். கல்லூரி கொடுத்த வீடு, காலி செய்ய வேண்டும். கூடமெல்லாம் அட்டைப்பெட்டிகள்.

“உள்ள இருக்கார்” என்றார் அத்தை. “புத்தகத்தைக் கட்டுங்கன்னா ஒவ்வொண்ணாப் படிச்சிட்டு உக்காந்திருக்கார். நீயாவது சொல்லு தம்பி.”

மாமா தரையில் உட்கார்ந்து ஒரு பெட்டிக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க மாப்பிள்ளை. கட்டுரை எதுவரைக்கும் வந்திருக்கு?”

“ஒண்ணாம் அதிகாரம் வரைக்கும்.”

கயிறு நின்றது. “இதை அன்னைக்கே கேட்டிருக்கலாமே. இத்தனை நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வர்றதுக்கு.”

“ஏன் மாமா படிக்கல? அவ கேட்டா. நீங்க சரின்னீங்க.”

“உன்னைத்தான் பாத்துட்டு நின்னேன்” என்றார். அவர் என்னை ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“என்னையா?”

“நீ எழுந்து போவேன்னு. சுரங்கத்துச் சபையில அந்தப் பொண்ணு போன மாதிரி. நீ எழுந்திருந்தா நான் பக்கத்தைத் திருப்பியிருப்பேன்.”

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். வந்ததா என்று தெரியவில்லை. “அந்தப் பொண்ணு நிஜமா மாமா?” என்றுதான் கேட்டேன்.

பதில் வாசலிலிருந்து வந்தது. அத்தை கையில் துடைப்பத்தோடு நின்றிருந்தார்.

“நிஜம்தான். நான் அவ பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். எழுந்தெல்லாம் போகல. ஒரு வார்த்தை பேசல. கடைசி வரைக்கும் குனிஞ்சு தரையைப் பாத்துட்டு இருந்தா. எழுந்து போனது உங்க மாமா பிரசங்கத்துல.”

மாமா கயிற்றை இறுக்கினார். “போயிருக்கணும்” என்றார், முடிச்சைப் பார்த்தபடி. “போயிருக்கணும் அவ.”

பெட்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, “அடுத்தவங்க வீட்டுச் சாவுல அதை எத்தனையோ தடவை படிச்சிருக்கேன். அன்னைக்கு என் வாயில வரல, மாப்பிள்ளை” என்றார். மறுபடியும் மாப்பிள்ளை.

ஆக, கதை இவ்வளவுதான். யாராவது கோபப்பட்டிருக்கலாமே என்று ஒருவர் ஆசைப்பட்டார். அந்த ஆசைக்கு இலக்கணம் படித்து, பட்டம் வாங்கி, நூல் எழுதினார். அவருடைய மகள், ‘யாராவது எனக்காகக் கோபப்படுங்கள்’ என்று கேட்டாள். அவர் மருமகனைப் பார்த்தார். மருமகன் திருகாணியைப் பார்த்தான். யாராவது என்பதுதான் எங்கள் குடும்பப் பெயர்.

[இந்தக் காட்சி இப்படியேதான் நடந்ததா என்று கேட்பீர்கள். துடைப்பம் மட்டும் சந்தேகம். என் பிரசங்கத்திலும் சிலருக்கு வயது ஏறி இறங்கும்.]

கிளம்பும்போது மாமா கேட்டார்: “நீங்க வாசிக்கிற அன்னைக்கு நான் என்ன பண்ணணும்?”

“உக்காந்திருங்க” என்றேன்.

9

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதலாவது: ‘தேவன் அவருக்கு ஒரு மகளைத் தந்தார்’ என்று வாசித்து இறங்குகிறேன். கைதட்டல், தேநீர், சால்வை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு தொடர்கிறது.

இரண்டாவது: எல்லாவற்றையும் வாசிக்கிறேன். மாமா எழுந்து வெளியே நடக்கிறார். முன்வரிசையிலிருந்து யாராவது எழுந்து போக வேண்டும் என்ற அவருடைய ஆசையை அவரே நிறைவேற்றிக்கொள்கிறார்.

மூன்றாவது: மாமா மேடைக்கு வந்து என் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கி, அந்த அதிகாரத்தை முழுக்க வாசிக்கிறார். பேராயர் அழுகிறார். மாணவர்கள் அழுகிறார்கள். அவள் இருந்தால் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்: உதாரணம்.

மூன்றையும் அடித்துவிட்டேன். குடும்பம் என்ற தலைப்பின் கீழ் வேறொன்று எழுதினேன். அதற்கு எண் ஏற்கெனவே ஒதுக்கியிருக்கிறேன்.

3

குடும்பம்: இவருக்கு ஒரு மகள் இருந்தாள். கணக்கு டீச்சர். கரும்பலகையில் கோடு போட அளவுகோல் வேண்டியதில்லை அவளுக்கு. சாக விருப்பமில்லாமல் செத்தாள். அதில் நன்மை ஒன்றும் இல்லை. யாருக்கும் பாடம் இல்லை. கொடுத்தவர் எடுத்தார் என்றால், கொடுத்ததைக் கேட்காமல் எடுப்பதற்கு எங்கள் தெருவில் வேறு பெயர் இருக்கிறது. அவள் செத்த நாள் நாட்காட்டியில் இனி வரக் கூடாது. வந்தால் விடியக் கூடாது. விடிந்தால் அன்று பள்ளிக்கூடமெல்லாம் பூட்டிக் கிடக்க வேண்டும், ஒரு பிள்ளைக்கும் கூட்டல்கூட வரக் கூடாது. அவள் கோபமாகப் போனாள். இதைச் சத்தமாகச் சொல்லச் சொன்னாள். சொல்கிறேன்.

விழா நாள். நான் மேடையில் நிற்கிறேன். மேலே உள்ளது கையில் இருக்கிறது. துணை முதல்வர் கண்ணால் கெஞ்சுகிறார். மாமா முன்வரிசையில் இருக்கிறார், சொன்னபடி உட்கார்ந்திருக்கிறார். மடியில் புத்தகம். அதைத் திறந்து ஒரு பக்கத்தில் விரலை வைத்திருக்கிறார். முதல் அதிகாரமும் மூன்றாம் அதிகாரமும் ஓரிரு தாள் இடைவெளிதான். எது என்று இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் அவருக்குப் பக்கத்து இருக்கை. கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.