காரணம் எழுதும் கட்டம்

லிஃப்ட் வேலையில் ஒரு விதி உண்டு. வேலைக்கு இறங்குகிறவன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பூட்டு. போட்டவன்தான் திறக்க வேண்டும். சாவியை வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது, பெற்ற தாய் வந்து கேட்டாலும். விதிப் புத்தகத்தில் தாய் கிடையாது. அது மெக்கானிக் தாடி சேர்த்துக்கொண்டது. தாடியின் இடது கையில் நான்கு விரல்கள். ஐந்தாவது, இந்த விதி வருவதற்கு முந்தைய வருஷம் போயிற்று. யாரோ அவசரப்பட்டு சுவிட்சைப் போட்டுவிட்டார்கள்.

தாடிக்கு இப்போது தாடியும் கிடையாது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. அவனோடு பதினோரு வருஷமாக ஜோடி சேர்ந்து வேலை பார்ப்பவன் குண்டூசி. அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை, பக்கவாட்டில் திரும்பினால் ஆளைக் காணோம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு டீ நேரத்தில் ஃபோர்மேன் குண்டூசிக்குத் தன் அக்கா மகளைக் கல்யாணத்துக்குப் பேசினார்.

"நல்ல பொண்ணுடா. உன்னை மாதிரியே ஒல்லி. ரெண்டு பேரும் ஒரே சைக்கிள்ல போகலாம்."

"எனக்கு ஆள் இருக்குண்ணே. கண்ணாடிக் கடை வெச்சிருக்கார்."

"யாரு, மாமனாரா?"

"இல்லண்ணே. ஆளே அவர்தான்."

பெஞ்சுகளில் எட்டுப் பேர் இருந்தார்கள். யாரும் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. கடைசியில் வெல்டர்தான் வாயைத் திறந்தார்.

"தெரிஞ்சவங்களுக்குக் குறைச்சுக் கொடுப்பாரா?"

இப்போது அந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் மூக்கில் அந்தக் கடைக் கண்ணாடி. ஒரே ஒருவர், எலெக்ட்ரீஷியன், அன்றிலிருந்து வேறு பெஞ்சில் உட்காருகிறார். அவருக்கும் பார்வை மங்கல்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டே காலத்தை ஓட்டுகிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை, தாடியும் குண்டூசியும் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் பிரேக்கைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். அதன் பிடிப்புப் பட்டையான லைனிங் தேய்ந்துபோயிருந்தது. புதியது திங்கட்கிழமைதான் வரும். கட்டடத்தில் இருப்பது அந்த ஒரே லிஃப்ட். ஆகவே மத்தியானம் குண்டூசிக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்த கண்ணாடிக்கடைக்காரர், மொட்டைமாடி மெஷின் ரூமுக்குப் படியேற வேண்டியதாயிற்று. ஆறாவது மாடித் திருப்பத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டாவது மாடிக்காரர். இரண்டு முட்டியும் சரியில்லை.

"யாரைப் பார்க்கப் போறீங்க?"

"மேலே வேலை பார்க்கிற மெக்கானிக்கை."

"தம்பியா?"

"இல்லைங்க. நானும் அவரும் சேர்ந்து குடித்தனம் பண்றோம். பன்னிரண்டு வருஷமாச்சு."

செயலாளர், தனக்குத்தான் மூச்சுத் திணறலில் காது அடைத்துவிட்டது என்று நினைத்து இன்னொரு தரம் கேட்டார். கண்ணாடிக்கடைக்காரர் பொறுமையான மனிதர். எழுத்துகளை ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லியே பிழைப்பவர். இன்னொரு தரமும் சொன்னார்.

சனிக்கிழமை காலை கம்பெனிக்குக் கடிதம் வந்தது. குழந்தைகள் இருக்கும் கட்டடம் என்றும், வேறு மெக்கானிக்கை அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தது. பதினேழு கையெழுத்து. எல்லோரும் படியில் இறங்கி வந்து போட்டவை.

மேனேஜர் தாடியைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். 'இங்கே எல்லோரும் சமம்' என்று பல நிற உள்ளங்கைகள் போட்ட படத்தைத் தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டியவர். அதன் கீழே உட்கார்ந்துதான் பேசினார்.

"அவன் எனக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி. உனக்கே தெரியும்."

"தெரியும் சார்."

"ஊர் வாயை நாம மூட முடியுமா? பாம்பும் சாகக் கூடாது, கம்பும் முறியக் கூடாது. அவனை வேற கட்டடத்துக்கு மாத்திடுவோம். அவனுக்கும் நிம்மதி."

தாடி யோசித்தான். அந்தப் பதினேழு பேர் முகத்தில் குண்டூசி போய் முழிக்க வேண்டாம் என்று தோன்றியது. "சரிதான் சார். எதுக்கு அவன் மனசு கஷ்டப்படணும்."

"நீயே சொல்லிடு. நீ சொன்னா கேப்பான். ஆங், இன்னொண்ணு. செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் லிஸ்ட் மேலே போகுது. உன் பேருதான் முதல்ல இருக்கு."

சூப்பர்வைசர் லிஃப்ட் ஓடும் ஷாஃப்டுக்குள் இறங்க வேண்டியதில்லை. மேலே நின்று எட்டிப் பார்த்தால் போதும். தாடிக்கு ஆறு வருஷமாக இடுப்பு வலி.

அவன் நேராகப் போய் குண்டூசியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு வந்தவனின் குரலில் விஷயத்தைச் சொன்னான். குண்டூசி முழுக்கக் கேட்டுக்கொண்டான்.

"ஒன்பது வருஷமா அந்த லிஃப்டைப் பார்க்கிறேன்."

"தெரியும்டா."

"அந்தச் செயலாளர் உள்ளே மாட்டிக்கிட்டப்போ ரெண்டு மணி நேரம் கதவு இடுக்குல வாயை வெச்சு அவருக்குக் கதை சொன்னது யாரு?"

"நீதான். அது மொக்கைக் கதை வேற."

குண்டூசி சிரிக்கவில்லை. "இன்னைக்கு இந்தக் கட்டடம். நாளைக்கு ஆஸ்பத்திரிலேருந்து ஒரு லெட்டர் வரும். அப்புறம் ஸ்கூல். கடைசியில என்னை ஸ்டோர்ல உட்கார வெச்சு போல்ட் எண்ணச் சொல்லுவாங்க. அப்போ நான் எந்த வாயால மாட்டேன்னு சொல்றது? முதல் லெட்டருக்கே தலையாட்டினவன்தானேன்னு கேப்பாங்க."

"நீ எங்கடா தலையாட்டின? நான்தானே ஆட்டினேன்."

"அதைத்தான் சொல்றேன்."

தாடிக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "உனக்காகத்தான்டா..."

"எனக்காக யோசிக்கிறவங்க ஜாஸ்தியாயிட்டாங்க. நான் யோசிக்கத்தான் இடமில்லை." குண்டூசி எழுந்து கை கழுவப் போனான். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக் கழுவினான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க தாடி வீட்டில் ஒரு குழாயை ரிப்பேர் செய்தான். குழாயில் ஒரு கோளாறும் இல்லை. அவன் மனைவி கதவருகில் நின்று பார்த்தாள்.

"என்னங்க, நடந்ததைச் சொல்றீங்களா, இல்லை சமையலறைக் குழாயையும் கழற்றப் போறீங்களா?"

சொன்னான்.

"அந்தத் தம்பியைக் கேட்டீங்களா?"

"கேட்டா வருத்தப்படுவானேன்னு..."

"கேட்காம விட்டதுல இப்போ ரொம்ப சந்தோஷமா இருக்காராக்கும்."

தாடி குழாயைப் பழையபடி மாட்டினான். அதன் பிறகு அது ஒழுக ஆரம்பித்தது.

திங்கட்கிழமை லைனிங் வந்தது. தாடியையும் புதிதாகச் சேர்ந்த மெக்கானிக் ஒருவரையும் போகச் சொல்லி உத்தரவு. தாடி போகவில்லை. முதலில் குண்டூசியிடம் வந்தான்.

"அங்கே மெயின் சுவிட்சுல உன் பூட்டும் இருக்கு, என் பூட்டும் இருக்கு."

"இருக்கு."

"உன் பூட்டை வெட்டச் சொல்லுவாங்க. வெட்ட மாட்டேன்னு சொல்லலாம்னு இருக்கேன்." தாடி நிறுத்தினான். அடுத்த வார்த்தை அவன் வாய்க்குப் பழக்கமில்லாதது. "சொல்லட்டுமா?"

குண்டூசி அவனை ஏற இறங்கப் பார்த்தான். இதில் ஏதாவது வில்லங்கம் உண்டா என்று தேடுகிறவன் போல.

"சொல்லு. ஆனா என்னைப் பத்திப் பேசாதே. நான் ரொம்ப நல்லவன், தங்கமானவன்னு ஆரம்பிச்சிடுவே. பூட்டைப் பத்தி மட்டும் பேசு."

"நீ அவ்வளவு தங்கம் ஒண்ணும் இல்லையே."

"அப்போ சுலபம்."

மேனேஜர் அறையில் தாடி பூட்டைப் பத்தி மட்டும் பேசினான். போட்டவன்தான் திறக்கணும் சார். அவ்வளவுதான்.

"சாவியை அவன்கிட்ட வாங்கிக்கோ."

"கொடுக்கக் கூடாது சார். வாங்கவும் கூடாது."

"அப்போ வெட்டு."

"வெட்டலாம் சார். அதுக்குப் படிவம் இருக்கு."

படிவம் உண்மையிலேயே இருந்தது. மேனேஜரே மூன்று வருஷத்துக்கு முன் அச்சடிக்கக் கொடுத்தது. இதுவரை யாரும் பயன்படுத்தவில்லை. மேனேஜர் அலமாரியைக் குடைந்து ஒன்றை எடுத்து, பேனாவைத் திறந்தார். முதல் கட்டம், பூட்டின் சொந்தக்காரர் பெயர். எழுதினார். இரண்டாவது, அவர் லிஃப்டுக்குள் இல்லை என்று உறுதி செய்யப்பட்டதா. ஆம். மூன்றாவது, அவர் இப்போது எங்கே இருக்கிறார்.

மேனேஜர் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தார். குண்டூசி டீ குடித்துக்கொண்டிருந்தான். 'அடுத்த அறையில்' என்று எழுதினார்.

நான்காவது, அவர் நேரில் வந்து திறக்க முடியாததற்குக் காரணம்.

பேனா நின்றது.

"உடம்பு சரியில்லைன்னு போடலாமா?"

"இப்போதான் ரெண்டாவது டீ சொன்னான் சார்."

"லீவுன்னு?"

"மேலே அடுத்த அறையில்னு எழுதிட்டீங்களே சார்."

மேனேஜர் பேனாவை மூடினார். திறந்தார். "உள்ளதை எழுதலாம். ஆனா கீழே என் கையெழுத்து இருக்குமே."

"இருக்கும் சார். நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, அரை நிமிஷத்துல வெட்டிடறேன்."

மேனேஜர் தன் தலைக்கு மேல் இருந்த படத்தை அண்ணாந்து பார்த்தார். அத்தனை கைகள் இருந்தும் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. படிவத்தை மேசை விசிறி கொண்டுபோகாமல் இருக்க அதன் மேல் பேப்பர்வெயிட்டை வைத்தார்.

செவ்வாய்க்கிழமை ஃபோன் ஒலித்தபடி இருந்தது. செயலாளர் ஒருவரே ஆறு முறை. மாலை நாலு மணிக்கு மேனேஜர் தாடியைக் கூப்பிட்டு, லிஸ்ட் இன்னும் ஒரு மணி நேரத்தில் போகிறது என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தாடி தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"போகட்டும் சார்."

போயிற்று. அவன் பெயர் இல்லாமல்.

இரவு மனைவியிடம் சொன்னான். அவள் தைலத்தை எடுத்து வந்தாள். "குப்புறப் படுங்க. இன்னும் பத்து வருஷம் இறங்கணும்ல?" தேய்த்த தேய்ப்பில் கொஞ்சம் கோபமும் இருந்தது. தாடி மூச்சு விடவில்லை.

புதன்கிழமை மேனேஜர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். வேறு பெஞ்சில் உட்காருகிற அதே எலெக்ட்ரீஷியன். பூட்டை வெட்டும் பெரிய கத்தரியை மேசை மேல் தயாராக வைத்திருந்தார்.

"நீ அவன்கூடப் பேசறது இல்லைதானே?"

"இல்லை சார்."

"அப்போ உனக்கு ஒண்ணும் சங்கடம் இருக்காது."

எலெக்ட்ரீஷியன் கத்தரியை எடுத்துக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். கதவருகில் நின்றிருந்த தாடியின் இடது கையையும் பார்த்தார். அது மங்கலாகத்தான் தெரிந்திருக்கும், ஆனால் நான்கு என்று எண்ண முடிந்திருக்கும்.

"இன்னைக்கு படிவம் இல்லாம அவன் பூட்டை வெட்டுவேன் சார். நாளைக்கு நான் உள்ளே இருக்கும்போது எவனாவது என் பூட்டை வெட்டுவான்." கத்தரியை வைத்துவிட்டு வெளியே போய், அதே வேறு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

குண்டூசி அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். எலெக்ட்ரீஷியன் கவனிக்கவில்லை, அல்லது தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை மேனேஜர் வெளியே வந்து பொதுவாகக் காற்றிடம் சொன்னார்: "ரெண்டு பேருமே போய்த் தொலைங்க."

தாடி பையை எடுத்தான். குண்டூசி எடுக்கவில்லை.

"இன்னைக்கு மட்டுமா சார்?"

மேனேஜர் நின்றார்.

"இன்னைக்குப் போய்ப் பூட்டைத் திறந்துட்டு, நாளையிலேருந்து வேண்டாம்னா, அந்தப் படிவத்தையே முடிச்சிடுங்க. நான் இங்கேயே இருக்கேன்."

தாடிக்கு ஏதோ சொல்ல நாக்கு துருதுருத்தது. அடக்கிக்கொண்டான். மேனேஜர் உள்ளே போனார். கண்ணாடி வழியாக அவர் பேப்பர்வெயிட்டைத் தூக்குவது தெரிந்தது. படிவத்தை எடுத்தார், படித்தார், நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். திரும்பி வந்தபோது கையில் அந்த மாத அட்டவணை இருந்தது. ஒன்பது மாடிக் கட்டடத்துக்கு எதிரே கோடு போட்டு அடித்திருந்த பெயரைப் பேனாவால் மறுபடி எழுதினார். கோணல்மாணலாக இருந்தது. படிக்க முடிந்தது.

"செயலாளர்கிட்ட நான் என்ன சொல்றது?" என்றார்.

"உண்மையைச் சொல்லுங்க சார். நான்தான் மெக்கானிக்."

வேலை மத்தியானம் வரை இழுத்தது. லைனிங்கை மாட்டி, சரிபார்த்து, தாடி தன் பூட்டைத் திறந்தான். குண்டூசி தன் பூட்டைத் திறந்தான். காலியாக இரண்டு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, கீழே வந்து கதவைத் திறந்தார்கள். வாசலில் செயலாளர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையில் இறங்கியவர், மறுபடி ஏறத் தெம்பில்லாமல் அங்கேயே இருந்திருக்கிறார். காலடியில் காய்கறிப் பை.

"வாங்க சார், மேலேதான் போறோம்" என்றான் குண்டூசி.

"நீங்க போங்க. நான் அடுத்ததுல வரேன்."

"இன்னும் நாலு ஓட்டம் நாங்க உள்ளே இருந்து பார்க்கணும் சார். அரை மணி ஆகும்."

செயலாளர் படிக்கட்டைப் பார்த்தார். தன் முட்டிகளைப் பார்த்தார். பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, மூலையில் சுவரோடு ஒட்டி நின்றார். தாடி நடுவில் நின்றான். பிறகு, தான் ஏன் நடுவில் நிற்கிறோம் என்று யோசித்துப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

எட்டு மாடி. மெதுவான லிஃப்ட். ஐந்தாவது தாண்டியது.

"சத்தம் குறைஞ்சிருக்கு" என்றார் செயலாளர், கதவிடம்.

"புது லைனிங் சார்."

ஆறு. ஏழு.

"அடுத்த சர்வீஸ் எப்போ?"

"பத்தாம் தேதி."

"யாரு வருவாங்க?"

தாடி வாயைத் திறந்து, மூடினான்.

"நான்தான் சார்" என்றான் குண்டூசி.

எட்டு. கதவு திறந்தது. செயலாளர் வெளியே போய், தன் வீட்டுக் கதவு முன்னால் பையை வைத்துவிட்டுச் சாவியைத் தேடினார். இந்தச் சட்டைப் பையில் இல்லை. அந்தப் பையிலும் இல்லை. குண்டூசி லிஃப்ட் கதவு மூடாமல் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பத்தாம் தேதி நான் ஊர்ல இருக்க மாட்டேன்" என்றார் செயலாளர், திரும்பாமலே.

"சரி சார்."

சாவி கிடைத்தது. கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்தார்.

"மெஷின் ரூம் சாவியை வாட்ச்மேன்கிட்ட கொடுத்துட்டுப் போறேன். உங்க பேரைச் சொல்லி வாங்கிக்கோங்க."