வெறுங்கை

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் தள்ளிக்கொண்டு சுசீலா வெளியே ஓடிவந்தாள். கண்களில் தண்ணீர். தலையில் பூ இல்லை. இரண்டு கைகளிலும் ஒரு வளையல்கூட இல்லை.

வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த மாமியார் தெய்வம்மா அந்தக் கைகளைத்தான் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஐயோ, என்ற சாமீ! போயிட்டியா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு சாய்ந்தாள்.

"அத்தை, அவரு கண்ணைத் தொறந்துட்டாருங்க!" இதைச் சொல்லத்தான் சுசீலா அப்படி ஓடிவந்தாள். சொல்லவும் செய்தாள். ஒப்பாரியில் அது யார் காதிலும் ஏறவில்லை. கணவன் லிங்கசாமியின் அண்ணன் வெள்ளியங்கிரி அதற்குள் படியிறங்கி டெலிபோன் பூத்துக்குப் போய்விட்டார். காரமடையில் சுசீலாவின் பிறந்த வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடையில்தான் போன் உண்டு. "லிங்கசாமி போயிட்டானுங்க, சொல்லீருங்க" என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டு வந்தார். உண்மை தெரிந்து மறுபடி ஓடிப்போய்ப் போட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடையைச் சாத்திவிட்டார்கள். மறுநாள் போட்டபோதும் யாரும் எடுக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். அந்தப் பிரிவுக்குள் போகிறவர்கள் கை கழுவ வேண்டும். கழுவுவது என்றால் சாப்பிட்ட கையை நனைப்பது போல அல்ல. விரல்நுனியை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். தண்ணீர் விரலிலிருந்து முழங்கைக்கு இறங்கி அங்கிருந்து சொட்ட வேண்டும். அப்போதுதான் போன அழுக்கு திரும்ப விரலுக்கு வராது. நடுவே வளையல் இருந்தால் அதற்கடியில் ஈரம் தங்கும், ஈரத்தில் கிருமி தங்கும், ஒரு கட்டிலின் கிருமி அடுத்த கட்டிலுக்குப் போகும். "தாலி இருக்கட்டுங்க, சேலைக்குள்ள போட்டுக்குங்க. வளையலும் பூவும் மட்டும் வேண்டாம்" என்றாள் நர்ஸ் எல்சா. சுசீலா கழற்றித் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் வைத்தாள். உள்ளே கணவன் கண் திறந்து அவள் விரலைப் பற்றியதும் வளையல் நினைவு அவளுக்கு எங்கிருந்து வரும்?

லிங்கசாமி குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவன். தேயிலை விலை படுத்ததும் பாதி ஆட்களை நிறுத்திவிட்டார்கள். இலை உலர்த்தும் அடுப்பையும் சல்லடை அறையையும் அவன் ஒருவனே பார்த்தான். காய்ந்த தேயிலையைச் சலிக்கும்போது பஞ்சு மாதிரித் தூசி பறக்கும். வெக்கையிலிருந்து அந்தத் தூசிக்கும், தூசியிலிருந்து வெளியே பனிக்கும் மாறி மாறிப் போய்வந்தான். இருமினான். லீவு கேட்டால் வேலையே போய்விடும் என்று இருமிக்கொண்டே போனான். ஒருநாள் அடுப்பு முன்னால் விழுந்தான். மலையிலிருந்து இறக்கி இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு நுரையீரலிலும் நிமோனியா.

தொண்டைக்குள் விட்டிருந்த குழாயின் மறுமுனையில் மூச்சு மிஷின் இருந்தது. அது எப்படி வேலை செய்கிறதென்று டாக்டர் சுசீலாவுக்கு விளக்கியிருந்தார். நாம் காற்றை உள்ளே இழுக்கிறோம், மிஷின் வெளியிலிருந்து தள்ளுகிறது. ஆள் தேறும்போது அது காத்திருக்கும். அவனாகக் கொஞ்சம் இழுத்தால் மீதியைத் தள்ளிக் கொடுக்கும். அந்த மீதியைச் சிறுகச் சிறுகக் குறைத்துத்தான் குழாயை எடுக்க முடியும். ஆனால் பயந்துபோனால், அவன் மூச்சை விடுகிற நேரத்தில் மிஷின் தள்ளும். இரண்டும் மல்லுக்கட்டும்.

"நாளைக்குக் குறைச்சுப் பாக்கப் போறோம்மா. தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல இருந்து கையைப் பிடிச்சுப் பேசிட்டே இருக்கணும். தள்ளிப்போட்டா அந்தக் குழாய் வழியாவே புதுக் கிருமி ஏறும்" என்றார்.

வளையல்களை மறுபடி போட்டுக்கொண்டு வந்து சுசீலா இதை வராந்தாவில் சொன்னபோது வெள்ளியங்கிரி தலையாட்டவில்லை.

"புருசன் உசுரோட கெடக்கறான். முன்னால போயி வெறுங்கையோட நின்னிருக்கே. இனி நீ உள்ள போகவேண்டாம்."

"வளையலோட உடமாட்டாங்க மாமா."

"அது அவங்க சட்டம். நம்முளுதுல எப்பக் கழட்டறதுன்னு ஒரு மொறை இருக்குதல்லோ?"

"அப்ப அத்தை போகட்டுமுங்க."

தெய்வம்மா தன் வெள்ளைச் சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வந்த நாளிலிருந்து அவள் அந்தக் கதவுப் பக்கமே போகவில்லை.

"நானா அம்முணி? அவன் கண்ணு முழிக்கறப்ப முண்டச்சி மூஞ்சியவா பாக்கோணும்? வேண்டாஞ்சாமி."

வளையல் போட்டவள் அதைக் கழற்றக் கூடாது. கழற்றியவள் எதிரே வரக் கூடாது. மிஞ்சியவர் வெள்ளியங்கிரிதான்.

மறுநாள் அவர் போனார். தம்பியின் வாயிலும் மூக்கிலும் குழாய்களைப் பார்த்ததும் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்து பாயில் படுத்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, நேத்து அத்தனை சட்டம் பேசுனீங்க? உள்ள போனதும் காத்து எறங்கிப்போச்சுங்களா?" என்றாள் பக்கத்துப் பாயில் இருந்த ஒரு பெண். யாரும் சிரிக்கவில்லை.

சற்று நேரத்தில் எல்சா வந்தாள். "மிஷினோட ஒரே போராட்டம். கையைக் காலை உதறிக் குழாயையே புடுங்கப் பாத்துட்டாரு. மருந்து குடுத்துத் தூங்க வெச்சிட்டாங்க. காய்ச்சலும் ஏறுது. ஏம்மா, நீ ஏன் வரல?"

சுசீலா மாமியாரைப் பார்த்தாள். தெய்வம்மா தரையைப் பார்த்தாள்.

அடுத்த நாள் காலை சுசீலாவின் அண்ணன் மருதாசலம் காரமடையிலிருந்து வந்து சேர்ந்தான். வெளியூர் போயிருந்தவனுக்கு முந்தின ராத்திரிதான் சேதி கிடைத்திருந்தது. வாயைத் துண்டால் பொத்தியிருந்தான். கக்கத்தில் ஒரு ஜவுளிக்கடைப் பை. தங்கையின் கையைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"அம்முணி, இன்னுமா வளையல் கழட்டல?"

"எதுக்குண்ணா கழட்டோணும்? அவரு இருக்காரு."

மருதாசலத்துக்கு முகம் வெளிறிவிட்டது. பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அதில் என்ன இருக்கிறதென்று எல்லாருக்கும் தெரியும். புருஷன் செத்தால் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போடுகிற கோடி. புது வெள்ளைச் சேலை.

"அடப்பாவி, அதைத் தூக்கிட்டு ஓடுய்யா!" என்று வெள்ளியங்கிரி சீறினார். "கோடியக் கொண்டாந்து கண்ணு முன்னால நீட்டறே!"

"நீங்கதானுங்க மச்சான் போன் பண்ணிச் சொல்லச் சொன்னீங்க."

கதவு திறந்தது. எல்சா எட்டிப் பார்த்தாள்.

"லிங்கசாமி ஆளுங்க! வெள்ளைப் பருத்தித் துணி வேணும், புதுசா. வாயோரம் சளி துடைக்க, நாங்க வேகவெச்சுக்குவோம். கலர்த் துணி ஆகாது, சளி நிறம் தெரியாது. காய்ச்சல் கொஞ்சம் எறங்கியிருக்கு, இன்னிக்கு இன்னொரு தடவை குறைச்சுப் பாக்கறாங்க. இதுக்கு மேல தள்ளிப்போட முடியாதுன்னுட்டாரு டாக்டர். கூட யாரு இருக்கறீங்க? நேரமாகும், ரெண்டு பேர் மாத்தி மாத்தி வந்தாலும் சரி."

சுசீலா எழுந்து அண்ணன் கையிலிருந்த பையை வாங்கினாள். சேலையை எடுத்து உதறி விரித்தாள். கடைக் கஞ்சி வாசம் வந்தது.

"அத்தை, அந்த மொனையப் புடிங்க."

"அம்முணி, அது கோடி..."

"உங்க மகனுக்கு வாய் தொடைக்கற துணிங்க அத்தை. புடிங்க."

தெய்வம்மா முனையைப் பிடித்தாள். சுசீலா ஓரத்தைப் பல்லால் கடித்துக் கீறிவிட்டு இழுத்தாள். சேலை கிழிந்த சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது.

"சுசீலா!" என்றார் வெள்ளியங்கிரி. அவள் திரும்பவில்லை. இன்னொரு கிழி. இன்னொன்று. பிறகு வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்தாள்.

"நானும் அத்தையும் வர்றமுங்க" என்றாள் எல்சாவிடம்.

"என்ற மூஞ்சிய எப்பிடி அம்முணி..."

"பொறந்ததும் அவரு மொதல்ல பாத்தது உங்க மூஞ்சியத்தானுங்க. வாங்க."

அவன் பிழைப்பானா என்பது டாக்டருக்கே அன்று தெரியாது. துணிக் கிழிகளை மார்போடு அணைத்துக்கொண்டு தெய்வம்மா முதன்முறையாக அந்த வாசலைத் தாண்டினாள். தொட்டியருகே எல்சா பழக்கத்தில், "அம்மா, வளையலைக் கழட்டி வெச்சிருங்க" என்றாள்.

தெய்வம்மா முந்தானையை விலக்கி இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள்.

"என்றதை இருவது வருசத்துக்கு முந்தியே ஒடச்சுப்போட்டாங்க கண்ணு. இதோ, இந்த வாசலுக்கு வர்றதுக்கு அன்னிக்கே தயாராத்தான் இருந்திருக்கறேன். எனக்குத்தான் தெரியல."